துடைக்கும் நேரம்

வாசலில் நின்ற தாய்மார்கள் பிரபாவதியைப் பார்த்து இடுப்புவரை குனிந்து வணங்கினார்கள். நிமிர்ந்ததும் அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார்கள். பின்னால் யாரும் இல்லை. காரைத் திருப்பிக்கொண்டிருந்த அவள் கணவன் விஜயபாஸ்கர்தான் இருந்தான். அவனைப் பார்த்து ஏமாந்து, கண்கள் மறுபடி அவளிடம் திரும்பி, மறுபடி குனிந்தார்கள். இரண்டாவது வணக்கம் முதலாவதைவிட ஆழமாக இருந்தது. காரணம் புரிய அவளுக்கு நேரமாகவில்லை. போன மாதம் நேர்காணலின்போது தலைமையாசிரியர் ஹிராதா ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் ஒரு பக்கத்தை அவளை வாசிக்கச் சொல்லி டேப்பில் பதிவு செய்திருந்தார். பெற்றோர் குழு அதைக் கேட்டுவிட்டு, உச்சரிப்பு அருமை என்று ஒருமனதாகச் சம்மதித்ததாக அவரே போனில் சொன்னார். அந்தக் குரலுக்கு இவர்கள் மனதில் ஒரு முகம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த முகம் இன்னும் காரிலிருந்து இறங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். பிரபாவதி திரும்ப வணங்கவில்லை. "குட் மார்னிங்" என்று, டேப்பில் கேட்ட அதே குரலில் சொன்னாள். ஒருத்தியின் உதடு லேசாகத் திறந்து மூடியது. அதைப் பார்த்ததில் அவளுக்கு அன்று காலை முழுவதற்கும் போதுமான திருப்தி கிடைத்தது.

அது இரண்டாயிரத்து ஐந்து ஏப்ரல். வளைகுடாப் பக்கத்துத் துறைமுக ஊரான சோஹாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்ட வந்த ஜப்பானிய என்ஜினியர்கள் குடும்பத்தோடு ஒரு வளாகத்தில் இருந்தார்கள். வளாகத்துக்குள்ளேயே அவர்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளி. எல்லாப் பாடமும் ஜப்பானிய மொழியில். ஆங்கிலத்துக்கு மட்டும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர். முன்பு இருந்த அயர்லாந்துக்காரி கணவனோடு மலேசியா போய்விட, அவசரத்துக்கு வேறு வெள்ளைக்காரி யாரும் அகப்படவில்லை. பிரபாவதி அதுவரை வேலை பார்த்தது ஐம்பது பிள்ளைகளை ஒரு வகுப்பில் அடைக்கிற பள்ளியில். அங்கே உடன் வேலை பார்த்த பெண்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நகைச்சீட்டும் ஊரில் வாங்கிய பிளாட்டும் பேசுவார்கள். "டிஸ்கஸ் அபௌட்" என்பார்கள். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, அகராதியைப் பக்கம் பக்கமாக வாசித்தே வாலிபத்தைக் கழித்த பிரபாவதிக்கு, தேவையில்லாத அந்த 'அபௌட்' காதில் விழும்போதெல்லாம் பல் கூசும். அங்கிருந்து கிளம்பும்போது யாரிடமும் விடைபெறவில்லை.

புதிய இடத்திலும் கூசுவதற்குக் குறைவில்லை. ஆங்கில அறைச் சுவரில் அயர்லாந்துக்காரி எழுதி மாட்டியிருந்த அட்டையில், போடக்கூடாத இடத்தில் ஒரு அப்பாஸ்ட்ரஃபி இருந்தது. இரண்டு வருடம் அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். பிரபாவதி சிவப்புப் பேனாவால் அதை அடித்துத் திருத்தினாள். மறுநாள் காலை அட்டையே காணவில்லை. கேட்டதற்கு ஹிராதா, முந்தைய ஆசிரியரின் மனம் வருந்தக்கூடாது என்று மெதுவாகச் சொன்னார். அவள் மலேசியாவில் இருக்கிறாள், மனம் எப்படி வருந்தும் என்று பிரபாவதி கேட்கவில்லை. தப்பாக எழுதிய வெள்ளைத்தோலுக்கு இருக்கிற மரியாதை, சரியாகத் திருத்திய கறுப்புத்தோலுக்கு இல்லை என்பதைக் குறித்துக்கொண்டாள்.

பிள்ளைகளோ மரப்பாச்சிகள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளி, பதில் சொல்லாமல் நிற்கும். சயாகா என்று மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஒருநாள் முழங்காலில் ரத்தம் வழிய வந்தவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, நேராக நின்று, "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்று ஒப்பித்துவிட்டுப் பிறகு அழுதாள்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். அவளால் சகிக்க முடியாதது மதியச் சாப்பாட்டுக்குப் பின் வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு போடுவார்கள். உடனே பிள்ளைகள் தலையில் துணி கட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரில் பழந்துணியைப் பிழிந்து, தரையில் கைகளை ஊன்றிக் குனிந்து துணியைத் தள்ளிக்கொண்டே வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடும். ஆசிரியர்களும் துடைப்பார்கள். ஹிராதாவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு படிக்கட்டைத் துடைப்பார். முதல்நாள் அவர் இரண்டு கைகளாலும் ஒரு துணியை அவளிடம் நீட்டினார். நான்காக மடித்துத் தைத்த துண்டு. ஓரத்தில் அவள் பெயரை அவர்கள் எழுத்தில் நூலால் தைத்திருந்தார்கள். யாரோ ஒரு தாய் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். முகம் பிடிக்காவிட்டாலும் துணி தைத்துத் தரத் தவறாத மனுஷி. பிரபாவதி தனக்கு முதுகுவலி என்றாள். மறுநாள் கரும்பலகை துடைக்கிற வேலை வந்தது. சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாது என்றாள். ஹிராதா யோசித்து, பிள்ளைகள் முன்னால் செய்யக் கூச்சமாக இருக்கிறது போலும் என்று தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, வராந்தாக் கடைசியில் இருந்த ஆங்கில அறையையும் அதிலிருந்த கைகழுவும் தொட்டியையும் அவளுக்கு ஒதுக்கினார். தனியாகச் செய்யலாம், யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார்.

சொந்த ஊரில், சாத்தூர் வீட்டில் தரை துடைக்கத் தாமரை என்றொருத்தி கொல்லைப்புற வழியாக வந்து கொல்லைப்புற வழியாகப் போவாள். சோஹார் வீட்டுக்கு இலங்கைப் பெண் ஒருத்தி வருகிறாள். தரை என்பது பிரபாவதியின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற பொருள். அதுவுமல்லாமல் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். பிள்ளைகள் துடைப்பது வராந்தா, வகுப்பறை, படிக்கட்டு. கழிப்பறையைக் கழுவவும், குப்பைத்தொட்டியைச் சுமக்கவும், முற்றத்து மணலைக் கூட்டவும் கான்ட்ராக்டில் ஒருவன் வருகிறான். பின்கேட் வழியாக வருவான். ஏசி கம்ப்ரெஸர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவான். பிள்ளைகளுக்குத் துடைப்பது பாடம், அவனுக்கு அது பிழைப்பு. மலம் இருக்கிற இடத்தில் பாடம் நின்றுவிடுகிறது. எல்லோரும் சேர்ந்து நடத்துகிற நாடகம் என்று அவள் முடிவு கட்டினாள்.

விஜயபாஸ்கரிடம் சொன்னபோது அவன் சிரித்தான். அவன் துறைமுகத்தில் சேஃப்டி ஆபீசர். அவன் கம்பெனி ஜப்பான்காரர்களின் அடுத்த கட்ட வேலைக்காகக் காத்திருந்தது.

"ஹெட்மாஸ்டர் சொல்றபடி ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வாயேன் பிரபா. கையா தேஞ்சிரும்?"

"நீங்க இந்த வீட்டுல ஒருநாளாவது இழுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள்.

இரண்டாவது வாரம் ஒருநாள், பள்ளியின் பின்பக்கம் நின்று வீட்டு கேஸ் சிலிண்டர் விஷயமாக அவனோடு போனில் சண்டை போட்டுவிட்டு வைத்தாள். குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா நம்ம பக்கமா? சாத்தூரு, கோவில்பட்டிப் பேச்சு மாதிரி இருக்கு."

தண்ணீர்க் குழாயைச் சுருட்டியபடி அந்தக் கான்ட்ராக்ட் ஆள் நின்றிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் பொன்னுச்சாமி என்றான். அவளுக்கு அந்த 'அக்கா' தோளில் கை போட்டது போலிருந்தது.

"மேடம்னு சொல்லு. நீ எந்த ஊரு?"

"மானாமதுரைக்குப் பக்கம், மேடம்." ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னான்.

"ஊருக்குள்ளயா?"

அவன் குழாயைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "ஊருக்கு வெளிய, மேடம். நீங்க கேக்க வந்தது அதுதான?"

திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் மூன்றாம் நாளே அவனைத் தேடி வந்தாள். ஆங்கில அறைக்குப் பின்பக்கமாக ஒரு கதவு இருந்தது. பாட்டு போடுகிற நேரத்தில் அந்த வழியாக வந்து தரையையும் தொட்டியையும் துடைத்துவிட்டுப் போகச் சொன்னாள். பிள்ளைகள் இருக்கிற நேரத்தில் கட்டடத்துக்குள் கால் வைக்கக்கூடாதென்று சூப்பர்வைசர் சொல்லியிருப்பதாக அவன் தயங்கினான். நான் சொல்கிறேன், நீ வா என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏசி ஓடுமா?" என்று கேட்டான். ஓடும் என்றாள். சரி என்றான்.

அப்படித்தான் அது தொடங்கியது. பாட்டு தொடங்கும்போது பின்கதவு திறக்கும். அவன் செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்து, அவள் பெயர் தைத்த துணியைப் பிழிந்து தரையைத் துடைப்பான். அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் புத்தகத்தோடு நிற்பாள். வாரத்தில் ஓரிருநாள் புளிசாதமோ உப்புமாவோ ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்து கொடுப்பாள். டப்பாவைத் திருப்பித் தரவேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டாள். வேலை முடிந்த பிறகும் அவன் ஏசிக்கு நேராகச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்படி நிற்கையில் ஒருநாள், போன வருடக் கோடையில் துறைமுக சைட்டில் வேலை பார்த்தபோது மூக்கில் ரத்தம் கொட்டி விழுந்துவிட்டதாகவும், பிறகு சூப்பர்வைசர் இரக்கப்பட்டு இந்தப் பள்ளி வேலைக்கு மாற்றியதாகவும் சொன்னான். பிரபாவதி பக்கத்தைத் திருப்பினாள். காது கொடுத்தால் அடுத்து உதவி கேட்பான் என்பது அவள் கணக்கு. அவன் எதுவும் கேட்கவில்லை.

மே மாதத்தில் ஒருநாள், மறந்துவிட்ட பென்சில் டப்பாவை எடுக்க சயாகா உள்ளே வந்துவிட்டாள். தரையில் குனிந்திருந்த பொன்னுச்சாமியையும் அவன் கையிலிருந்த துணியையும் நின்றிருந்த ஆசிரியையையும் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் தன் துணியோடு வந்தாள், கூட இரண்டு பெண்கள். மூவரும் அவனுக்குப் பக்கத்தில் வரிசையாகக் குனிந்து நின்று, யார் முதலில் சுவரைத் தொடுவதென்று ஓடினார்கள். பொன்னுச்சாமி முதலில் பதறினான். பிறகு அவனும் ஓடினான். மேஜைக் காலில் இடித்துக்கொள்ளப்போன ஒருத்தியைப் பார்த்து, "அங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போ" என்று கத்தினான். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "அங்கித்தோ போ!" என்று ஒருத்தியை ஒருத்தி விரட்டினார்கள். அவளுடைய வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து வாய் திறக்காத பெண்கள், வாய் கொள்ளாமல் சிரித்தார்கள்.

பிரபாவதி அவர்களைத் தடுத்திருக்கலாம். தடுத்தால், ஏன் அவன் இங்கே இருக்கிறான் என்ற கேள்வி வரும். அதனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜூன் தொடக்கத்தில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு பையனை நகர்ந்து உட்காரும்படி ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் விழித்தான். சயாகா அவனிடம், "அங்கித்தோ போ" என்றாள். அவன் நகர்ந்தான். வகுப்பே சிரித்தது. பிரபாவதியின் முகம் எரிந்தது. தன் நாக்கிலிருந்து வருடக்கணக்காகத் தேய்த்து அழித்த பேச்சு, அதுவும் அவன் தெருவிலிருந்து வந்து, தன் வகுப்பறையிலேயே தன்னுடைய ஆங்கிலத்தைவிடச் சுலபமாக வேலை செய்கிறது.

அடுத்த வாரம் ஹிராதா அவளை அழைத்தார். தேநீர் வைத்தார். பெற்றோர் சிலருக்கு ஒரு சந்தேகம் என்று தொடங்கினார். பிள்ளைகள் வீட்டில் ஒரு புதிய ஆங்கில வாக்கியம் சொல்கிறார்கள். தாய்மார்கள் அகராதி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. "அங்கித்தோ போ" என்று மிகக் கவனமாக உச்சரித்துவிட்டு, இது எந்த நாட்டு ஆங்கிலம் என்று கேட்டார். பிரபாவதிக்குச் சிரிப்பும் அவமானமும் ஒன்றாக வந்தன. குரலை அங்கீகரித்தவர்கள், முகத்தைப் பார்த்த பிறகு, இந்த வாயிலிருந்து எதுவும் வரும் என்று நம்பியிருக்கிறார்கள். அது ஆங்கிலம் இல்லை, தமிழ் என்றாள். தான் கற்றுக்கொடுக்கவில்லை என்றாள்.

ஹிராதா தலையசைத்தார். ஒரு தாய் சயாகாவிடம் விசாரித்துவிட்டதாகச் சொன்னார். தொழிலாளர் முகாமிலிருந்து வருகிற ஒருவன், மூடிய அறையில், சிறுமிகளோடு. பெற்றோர் மிகவும் கவலைப்படுகிறார்கள். பிறகு தேநீர்க் கோப்பையைச் சற்றே திருப்பி வைத்துவிட்டு, அந்த மனிதன் ஏசிக்காகத் தானாக உள்ளே வந்தானா என்று கேட்டார். கேட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாததுபோல, உங்கள் கணவரைப் பற்றி எங்கள் என்ஜினியர்கள் நல்லபடியாகச் சொல்கிறார்கள் என்றார்.

தப்பிக்க ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு 'ஆமாம்' போதும், வெளியே போய்விடலாம். அந்தக் கதவுதான் அவளைச் சீண்டியது. பொய் சொல்லித் தப்பிக்கிறவள் என்று தன்னை இந்த ஆள் எடை போட்டு வைத்திருக்கிறார். அதுவும் இவ்வளவு மரியாதையாக. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, டேப்பில் வாசித்த அதே தெளிவான ஆங்கிலத்தில், நான்தான் அவனை வரச் சொன்னேன், தினமும் வரச் சொன்னேன், நான் தரை துடைக்கிறவள் இல்லை என்றாள்.

ஹிராதா கோப்பையை ஓரமாக நகர்த்தினார். பிறகு எழுந்து நின்று குனிந்தார். நேர்மைக்கு நன்றி என்றார். ஆனால் இது பெற்றோருக்குத் தெரியவேண்டியதில்லை, அவன் தானாக வந்ததாகவே இருக்கட்டும் என்றார். கான்ட்ராக்டரிடம் காலையிலேயே சொல்லியாகிவிட்டது. அவன் இன்றோடு இங்கே முடித்துக்கொண்டு மறுபடி துறைமுக வேலைக்குப் போகிறான். ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளலாம். கடைசியாக ஒன்று: உங்கள் நாட்டு வழக்கம் தெரியாமல் உங்களைச் சங்கடப்படுத்திவிட்டேன், மன்னிக்கவேண்டும், நாளை முதல் நீங்கள் துடைக்கவேண்டியதில்லை. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அவள் ஒரு கணம் எதையோ பார்த்தாள். சாத்தூர் வீட்டில் தாமரைக்குக் கொல்லைக் கதவைத் திறந்துவிடும்போது அவள் அம்மாவின் முகத்தில் இருக்கிற அதே அமைதி. இவ்வளவுதான் இந்த ஜென்மம், இதனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது என்கிற அமைதி. அவளுக்கு அது மற்றவர்கள் மேல் விழுந்துதான் பழக்கம்.

"தேங்க் யூ" என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது உறைத்தது.

பள்ளி விட்டதும் பின்கேட்டுக்குப் போனாள். காவல்காரனின் தகரக் கூரைக்கடியில், ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு பொன்னுச்சாமி உட்கார்ந்திருந்தான். முகாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான். அவள் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"நான்தான் கூப்பிட்டேன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "தொடைக்க மாட்டேன்னு அவரு மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்."

"அப்படிங்களா? நானா ஏசிக்குப் பூந்துக்கிட்டேன்னுதான் சூப்பர்வைசர் சொன்னாரு."

"அது பொய்யி. நான் வந்து சொல்றேன்."

"யாருகிட்ட?"

அவள் பள்ளிக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் தகரத்தின் மேல் சடசடத்தது. அவன் பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"மேடம், தொடைக்க மாட்டேன்னு சொல்லணும், சொல்லிட்டீங்க. அது உங்களுக்கு ஆச்சு. அத எதுக்கு எங்கிட்ட கொண்டாந்து காட்டுறீங்க?"

இவ்வளவு நாளில் அவளிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. கோபம்தான் வரவேண்டும். வந்தது, ஆனால் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. தன் கணவன் துறைமுகத்தில் சேஃப்டி ஆபீசராக இருப்பதாகவும், நிழலான இடத்தில் வேலை போடச் சொல்லிப் பார்ப்பதாகவும் சொன்னாள்.

"சேஃப்டியா?" அவன் முதல்முறையாகச் சிரித்தான். "போன வருசம் நான் விழுந்து கெடக்கையில ஒருத்தரு கொடை பிடிச்சிக்கிட்டு வந்து, போட்டோ எடுத்துட்டுப் போனாரு. அவரா, வேற ஆளான்னு தெரியல மேடம். எல்லாரும் மஞ்சச் சட்டைதான்."

பஸ் வந்தது. பட்டாணிய டிரைவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்தினான். பொன்னுச்சாமி ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

விஜயபாஸ்கர் கார் முன்கேட்டில் நின்றது. உள்ளே ஏறியதும் ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. வெள்ளிக்கிழமை ஜப்பானிய மேனேஜர் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டிருப்பதாக அவன் உற்சாகமாகச் சொன்னான்.

"நாளையிலேர்ந்து நான் தொடைக்க வேண்டாமாம்" என்றாள்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல. நல்ல மனுசங்க."

"போன வருசம் சைட்டுல வெயில்ல விழுந்தவங்க யாரையாவது நீங்க போட்டோ எடுத்தீங்களா?"

"எத்தனையோ பேர எடுத்திருக்கேன். ரிப்போர்ட்டுக்கு வேணும்ல. ஏன்?"

அவள் முன்கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். துறைமுகச் சாலை வேலை நடப்பதால் ஒற்றை வழியாகக் குறுகியிருந்தது. முன்னால் முகாம் பஸ் போய்க்கொண்டிருந்தது. விஜயபாஸ்கர் ஹாரன் அடித்தான். முந்த இடமில்லை. பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகத் தலைகள் தெரிந்தன. துண்டு கட்டிய தலைகள், இருக்கை மேல் சாய்ந்து தூங்குகிற தலைகள், பள்ளம் வரும்போது எல்லாம் ஒன்றாகத் துள்ளி ஒன்றாக அமர்ந்தன. எது அவனுடையது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி எழும்பிய ஆலையின் உச்சியில் வெல்டிங் தீ, பகல் வெளிச்சத்தில் நிறமில்லாமல் நடுங்கியது.

பஸ்ஸின் ஒரு ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. தலையில் போட்டிருந்த ஈரத்துண்டை முறுக்கிப் பிழிந்தது. தண்ணீர் காற்றில் சிதறிக் காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. விஜயபாஸ்கர் கெட்டவார்த்தை ஒன்றைச் சொல்லி வைப்பரைப் போட்டான். கண்ணாடியில் படிந்திருந்த மணல்தூசி சேறாகக் குழைந்து இரண்டு பழுப்பு வளைவுகளாகப் பரவியது. வைப்பர் போய்ப் போய் வந்தது. பஸ் மறைந்தது, தெரிந்தது, மறுபடி மறைந்தது.